மூன்றெழுத்தில் இரு வரலாறு

கோட்டைக் கொச்சியில், பழைய அணிவகுப்புத் திடலை நோக்கி நிற்கும் வாயில் ஒன்றின் மீது மூன்று ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நடுவில் பெரியதொரு 'வி'. அதன் ஒரு கையில் கோத்தாற்போல் 'ஓ'. மறு கையில் 'சி'. 1740-ஆம் ஆண்டைச் சேர்ந்த வாயில் அது. மட்டாஞ்சேரியிலிருந்து ஞாயிறு மாலைகளில் கடற்கரைக்கு நடந்து செல்லும் நம்மவர் பலரும் அதனைக் கண்டிருப்பர். என் மகள் சிறுமியாக இருந்தபோது, அவ்வெழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா, கப்பலோட்டிய தமிழரின் பெயரை இங்கே யார் எழுதி வைத்தார்கள்?" என்று கேட்டாள். அது டச்சுக்காரருடைய கம்பெனியின் முத்திரை என்று சொல்லி அன்று அவளை அழைத்துச் சென்றுவிட்டேன்.

அச்சிறுமி இன்று வணிகவியல் பயிலும் மாணவி. அண்மையில் ஒருநாள், நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களைப் பங்குச் சந்தை மதிப்பின்படி வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்றை என்முன் வைத்தாள். மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த சிறு தொகை அவள் கையில் இருந்தது. "முதலிடத்தில் நிற்கும் கம்பெனியின் பங்கை வாங்கிவிட்டால் பயமில்லை அல்லவா?" என்பது அவள் கேள்வி. பற்று வரவுக் கணக்குகளோடு நாளைக் கழிக்கும் எழுத்தனாகிய எனக்கு, இக்கேள்விக்கு விடை அப்பழைய வாயிலில்தான் இருக்கிறது என்று தோன்றியது. அவளுக்குச் சொன்னவற்றையே ஈண்டு சற்று விரித்து எழுதுகிறேன். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை எங்கே இடுவது என்று தெரியாமல் கலங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

பட்டியல் பிறக்கும் விதம்

ஒரு நிறுவனத்தின் சந்தை மதிப்பு என்பது மிக எளிய பெருக்கல் கணக்கு. நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை, ஒரு பங்கின் இன்றைய விலை என்ன என்று பார்த்து, இரண்டையும் பெருக்கினால் வருவதே அம்மதிப்பு. நிறுவனத்தின் நிலம், எந்திரம், இருப்புச் சரக்கு ஆகியவற்றை எவரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. அதில் உழைப்போரின் தொகையையும் எண்ணுவதில்லை.

நமக்கு அருகிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். உத்யோகமண்டலில் உள்ள 'பாக்ட்' உர ஆலையை அறியாதார் இலர். 1943-இல் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த சேஷசாயி சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் அது. பின்னர் மத்திய அரசின் உடைமையாயிற்று. அதன் பங்குகள் ஏறத்தாழ 64 கோடியே 70 லட்சம். ஆகவே சந்தையில் ஒரு பங்கின் விலை ஒரே ஒரு ரூபாய் ஏறினாலும், நிறுவனத்தின் மதிப்பு 64 கோடியே 70 லட்சம் ரூபாய் உயர்ந்ததாகக் கணக்கு எழுதப்படும். 2020-இன் தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் குறைவாக விற்ற அப்பங்கு, 2024-இன் நடுப்பகுதியில் ஆயிரம் ரூபாயைக் கடந்தது. மதிப்பும் அறுபதாயிரம் கோடியைத் தாண்டியது. அந்நான்காண்டுகளில் ஆலை பத்து மடங்கு பெரிதாகிவிடவில்லை. பெரியாற்றங்கரையில் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. அது மட்டுமன்று. அப்பங்குகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு அரசின் கையில் இருப்பதால், அவை சந்தைக்கு வருவதே இல்லை. எஞ்சிய சிறு பகுதியைச் சிலர் வாங்கி விற்பதால் உண்டாகும் விலையைக் கொண்டே, விற்பனைக்கு வாராத பெரும்பகுதியும் மதிப்பிடப்படுகிறது. ஆலையைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கணக்கின் இயல்பை விளக்கவே சொல்கிறேன்.

இக்குறையைச் சந்தையினரும் அறிவர். மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ், 2003 செப்டம்பர் முதல், உண்மையில் கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பை மட்டுமே கொண்டு கணிக்கப்படுகிறது. பரஸ்பர நிதி நிறுவனங்களின் சங்கம் ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் பட்டியலோ மொத்தப் பங்குகளையும் கொண்டு கணிக்கப்படுவது. முதல் 100 நிறுவனங்களைப் பெருநிறுவனங்கள் என்றும், 101 முதல் 250 வரை உள்ளவற்றை நடுத்தர நிறுவனங்கள் என்றும், அதற்குக் கீழுள்ளவற்றைச் சிறு நிறுவனங்கள் என்றும் அதனைக்கொண்டே பிரிக்கின்றனர்.

இனி, பட்டியலின் தலைமை இடம் நிலையானதா எனின், அன்று. அண்மை ஆண்டுகளில் ரிலையன்ஸ், டாட்டா கன்சல்டன்சி, எச்.டி.எப்.சி. வங்கி ஆகியன முன்னிடங்களைப் பெற்றுள்ளன. 2011 ஆகஸ்டிலோ, பொதுத்துறை நிறுவனமாகிய கோல் இந்தியா ரிலையன்ஸைப் பின்தள்ளிச் சிறிது காலம் முதலிடத்தில் நின்றது. 2022 மே 17-ஆம் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பங்கு முதன்முறையாகச் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலையாகிய 949 ரூபாயின்படி அதன் மதிப்பு ஏறத்தாழ ஆறு லட்சம் கோடி. அன்று மாலை விலை 875 ரூபாய் அளவில் முடிந்தது. ஒரே பகலில் 46,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புக் குறைந்தது என்பது கணக்கு. ஆயினும் அன்று மாலை எந்தப் பாலிசிதாரரின் காப்பீடும் ஒரு காசு குறையவில்லை. குறைந்தது எது? அந்நிறுவனத்தின் வருங்காலத்தைப் பற்றி வாங்குவோர் கொண்டிருந்த நம்பிக்கை. பட்டியல் அளப்பது இந்நம்பிக்கையையே.

மிளகு ஈந்த இலாபம்

இத்தகைய அளவுகோல் உலகில் எங்குத் தோன்றியது என்று நோக்கின், நாம் மீண்டும் அவ்வாயிலுக்கே வந்து சேர்கிறோம். கடல் வாணிகம் நமக்குப் புதியதன்று. முசிறியில் யவனர் பொன் தந்து மிளகு கொண்டமையை அகநானூறு குறிக்கிறது. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் போன்ற வணிகக் குழுவினர் கடல் கடந்தும் பெயர் பெற்றிருந்தனர். ஆயினும், யாரோ ஓர் அயலான் தன் பங்கைச் சந்தையில் விற்றுவிட்டுப் போகலாம். அதனை வாங்கியவன் கப்பலைக் கண்ணாலும் காணாமல் இலாபம் பெறலாம் என்னும் ஏற்பாடு பெரிய அளவில் உருவானது ஆம்ஸ்டர்டாம் நகரில்தான்.

1602 மார்ச் 20-ஆம் நாள், ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கொண்டிருந்த டச்சு வணிகக் குழுக்களை அந்நாட்டு அரசு ஒன்றாக இணைத்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளே வி.ஓ.சி. என்பன. நம் முன்னோர் ஒல்லாந்தர் என்று அழைத்தது இக்கம்பெனியாரையே. அதன் மூலதனம் ஏறத்தாழ 64 லட்சம் கில்டர். ஆம்ஸ்டர்டாம் கிளையில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பணம் இட்டனர். பங்கை விற்க விரும்புவோர் கம்பெனி அலுவலகத்துக்குச் சென்று, ஏட்டில் பெயரை மாற்றி எழுதச் செய்தால் போதும். எம்மைப் போன்ற எழுத்தர் ஒருவரே அதனையும் எழுதியிருப்பார்!

பங்கு பிறந்த சில ஆண்டுகளிலேயே சூதும் பிறந்துவிட்டது. கம்பெனியைத் தோற்றுவித்தோருள் ஒருவராக இருந்து பகைகொண்டு பிரிந்த ஐசக் லெ மேர் என்பவர், 1609-இல் தம்மிடம் இல்லாத பங்குகளையும் விற்று விலையை வீழ்த்த முனைந்தார். அடுத்த ஆண்டே அத்தகைய விற்பனையைத் தடைசெய்து அரசு ஆணையிட்டது. அதே 1610-இல் பங்குதாரருக்கு முதல் இலாபப் பங்கு கிடைத்தது. அது பணமாகக் கிடைக்கவில்லை. முதலில் ஜாதிபத்திரியாகவும், பின்னர் மிளகாகவும் அளந்து கொடுக்கப்பட்டது. மட்டாஞ்சேரிச் சந்தில் நாம் நாள்தோறும் நுகரும் மணம், உலகின் முதற் பங்குச் சந்தையில் இலாபமாகவே வழங்கப்பட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

1663-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். போர்த்துக்கீசியர் கட்டிக் கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையை இவர்கள் பழுதுபார்த்ததால், அது இன்றும் டச்சு அரண்மனை என்றே வழங்குகிறது. கொச்சித் தளபதியாக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய நாட்டு மருத்துவரின் துணையுடன் தொகுத்த மலபார் மூலிகை நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய எசக்கியேல் ரகாபி, யூதக் கோயிலுக்குச் சீன நாட்டு ஓடுகளைப் பதிப்பித்தார். இவையெல்லாம் கம்பெனியின் பெருமைக்குச் சான்று கூறுவன.

அக்கம்பெனியே உலகில் இதுவரை தோன்றிய நிறுவனங்களுள் மதிப்பில் மிகப் பெரியது என்றும், இன்றைய பணத்தில் பல லட்சம் கோடி டாலர் என்றும் சிலர் எழுதி வருகின்றனர். அக்கணக்கை அப்படியே ஏற்றல் தகாது. 64 லட்சம் கில்டர் மூலதனம் சந்தையில் பத்து மடங்கு விலை போயிருந்தாலும், மதிப்பு 6 கோடியே 40 லட்சம் கில்டர்தான். அதனை எந்த அளவுகோல் கொண்டு பெருக்கினால் இன்றைய டாலராகும் என்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. அக்காலத்தில் அதற்கு நிகரான வணிக நிறுவனங்கள் மிகச் சிலவே என்பதுமட்டும் ஐயத்துக்கு இடமற்றது.

ஏட்டில் ஏறாத கணக்கு

நிற்க. ஆம்ஸ்டர்டாமின் பங்கு விலையில் ஏறாத கணக்குகளும் உண்டு. ஜாதிபத்திரி விளையும் பாண்டாத் தீவுகளை 1621-இல் கம்பெனி கைப்பற்றியபோது, அத்தீவு மக்களுள் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், அல்லது பட்டினியால் மாண்டனர், அல்லது நாடு கடத்தப்பட்டனர். தமிழர்க்கு இன்னும் அண்மையானது மற்றொரு செய்தி. 1658-இல் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் ஒல்லாந்தர் வசமாயின. அடுத்த சில ஆண்டுகளில், படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் தஞ்சைச் சீமை நலிந்தது. சோற்றுக்கு வழியின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்க நேர்ந்தவர்களை, கம்பெனிக் கப்பல்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக ஏற்றிச் சென்று இலங்கையிலும் பத்தேவியாவிலும் இறக்கின. இன்று நாமும் ஊர்விட்டு வந்தவர்களே. நாம் சீட்டு வாங்கி ரயிலேறி வந்தோம். அவர்கள் சரக்காக ஏற்றப்பட்டுச் சென்றனர். அவர்களுடைய பெயர்கள் எந்த நினைவு மலரிலும் இல்லை. அந்த ஆண்டுகளிலும் ஆம்ஸ்டர்டாமில் பங்குகள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன.

வெளி என்னும் இடத்தில் உள்ள சலவைத் துறையை நம்முள் பலர் அறிவர். கோட்டைப் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காக ஒல்லாந்தர் காலத்தில் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர் என்பது அங்குள்ள வண்ணார் குடும்பங்களிடையே வழிவழியாக வழங்கும் வரலாறு. கம்பெனியின் பங்கு இன்று காட்சிக்கூடத்துக் காகிதம். அவர்கள் துவைத்த கல்லும், கொடியில் உலரும் வெள்ளைத் துணியும் இன்றும் உள.

பெருங்கம்பெனி எவ்வாறு வீழ்ந்தது? 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மர் அதன் படையை வென்றார்; மலையாள நாட்டு மிளகைத் தனியுரிமையாகக் கொள்ளும் அதன் கனவு அங்கே கலைந்தது. 1780 முதல் 1784 வரை ஆங்கிலேயருடன் நடந்த போர் அதன் முதுகெலும்பை முறித்தது. 1781-இல் நாகப்பட்டினமும், 1795-இல் கொச்சியும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. கடனில் மூழ்கிய கம்பெனியை டச்சு அரசே ஏற்க, 1799-ஆம் ஆண்டின் இறுதி நாளோடு அதன் உரிமைப் பட்டயம் முடிந்தது. 'ஊழலால் அழிந்தது' என்று பொருள்படுமாறு அம்மூன்றெழுத்துக்கு டச்சு மக்களே எள்ளலாக விரிவு கூறினர் என்பர்.

தூத்துக்குடியில் எழுந்த கம்பெனி

ஒல்லாந்தர் தூத்துக்குடியை இறுதியாக ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது 1825-இல். எண்பதாண்டுகள் கழித்து, அதே துறைமுகத்தில், அதே மூன்றெழுத்தைத் தம் பெயராகக் கொண்ட ஒருவர் ஒரு கம்பெனியைத் தோற்றுவித்தார். 1906 அக்டோபர் 16-ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட சுதேசிக் கப்பல் கம்பெனியே அது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கம்பெனிக்குத் தலைவராக அமர்ந்தார். தமிழ்ச் சங்கம் கண்டவரே கப்பல் கம்பெனிக்கும் தலைவர் என்பது, சங்கம் நடத்தும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை ஏற்றார். எஞ்சியவற்றை விற்க, வ.உ.சி. ஊர் ஊராக அலைந்தார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன.

எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. அது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்து, குடையும் தருவதாகக் கூறினர் என்பது வரலாறு. இங்கேதான் நான் என் மகளிடம் மற்றொன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. சந்தை மதிப்பு வெறும் மாயை என்று தள்ளிவிடுதலும் பேதைமை. பெருமூலதனம் உடையவன் பல மாதம் நட்டத்தைத் தாங்குவான். பத்து லட்சம் உடையவன் தாங்கமாட்டான். விலை உயர்ந்த பங்கைக் காட்டிப் புதுப்பணம் திரட்டலாம், கடன் பெறலாம், சிறிய போட்டியாளனை விழுங்கலாம். பட்டியல் காட்டுவது நம்பிக்கையே எனினும், அந்நம்பிக்கை வலிமையாக மாறவும் வல்லது. கருத்து உயர்ந்ததாயினும் கையிருப்புக் குறைந்தால் கப்பல் ஓடாது என்பதனைத் தூத்துக்குடி நமக்குக் கற்பித்தது.

இத்துணையோடு ஆட்சியின் கையும் சேர்ந்தது. 1908 மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ஜூலையில் அவருக்கு விதிக்கப்பட்டவை இரட்டை ஆயுள் தண்டனைகள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது; 1912 டிசம்பரில் விடுதலை பெற்று அவர் வெளிவந்தபோது கம்பெனி இல்லை. 1911-இலேயே அது கலைக்கப்பட்டிருந்தது. வழக்குரைஞர் உரிமையையும் இழந்து, வறுமையில் உழன்று, 1936-இல் தூத்துக்குடியில் அவர் மறைந்தார். அவருடைய கம்பெனி எந்தப் பட்டியலிலும் இடம்பெற்றதில்லை. அதில் 25 ரூபாய் இட்ட எளியவர்கள் பணத்தை இழந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆயினும் இழந்தோம் என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நாணுவதில்லை. எங்கள் தாத்தா அதில் பங்கு வைத்திருந்தார் என்று பெருமையோடு சொல்வர். 2011-இல் தூத்துக்குடித் துறைமுகம் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. ஒருகாலத்தில் ஒல்லாந்தரின் வி.ஓ.சி. முத்துக்குளிப்பை மேற்பார்த்த அத்துறையில் இன்று நம் வ.உ.சி.யின் பெயர் நிற்கிறது.

நாம் கொள்ள வேண்டியது

கொச்சிக்கும் ஒரு பங்குச் சந்தை இருந்தது. 1978-இல் தோன்றிய அது, வாங்கலும் விற்றலும் மும்பையின் கணிப்பொறிகளுக்கு மாறிவிட்டதால், 2014-இல் சந்தை என்னும் நிலையை இழந்தது. மட்டாஞ்சேரி யூதத் தெருவில், இன்னும் கொடியில் காயாத மிளகின் விலையை இன்றே கூவி முடித்த கூடத்தின் ஆரவாரமும் அடங்கிவிட்டது. சந்தைகளே நிலையாதபோது, சந்தையின் ஒருநாள் விலை நிலைக்கும் என்று நம்புவது எங்ஙனம்?

என் உறவினர் ஒருவர், மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த சேமிப்பை, விலை ஏறிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் பங்கில் முழுவதும் இட்டார். அந்நிறுவனம் என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, "அது தெரியாது, பட்டியலில் பத்து இடம் முன்னேறியிருக்கிறது" என்றார். திருமணம் இரண்டாண்டு தள்ளிப்போயிற்று. அவர் செய்த பிழை பங்கு வாங்கியது அன்று. பட்டியலை நிறுவனம் என்று எண்ணியதே.

ஆகவே என் மகளுக்கு நான் சொன்னது இது: பட்டியலைப் படி, அது தரும் செய்தி பயனுடையது. ஆனால் அதன்பின் நான்கு கேள்விகளைக் கேள். இந்நிறுவனம் எதனைச் செய்து பொருள் ஈட்டுகிறது? கடன் எவ்வளவு? இலாபத்தில் பங்குதாரருக்கு ஆண்டுதோறும் என்ன கொடுத்தது? அவ்விலாபத்துக்காக எவர் எதனை இழந்தனர்? முதல் மூன்று கேள்விகளுக்கும் விடை ஆண்டறிக்கையில் கிடைக்கும். நான்காவதற்கு விடை வரலாற்றில்தான் கிடைக்கும். அதனையும் நாமே தேடிப் படிக்க வேண்டும். திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் வைத்த பணத்தைப் பங்கில் இடாதே. எஞ்சியதை இடுவதாயின், ஒரே பெயரை நம்பி இடாதே.

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்கள் பயப்படுகிறீர்கள் அப்பா" என்றாள். அதிலும் சிறிது உண்மை இருக்கலாம். மறுநாள் மாலை இருவரும் கோட்டைக் கொச்சிக்கு நடந்தோம். வெளியில் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. வாயிலின் அருகே வந்ததும் அவள் நின்று, அம்மூன்றெழுத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதன் பங்கை வாங்கியவர்களில் ஒருவராவது இங்கே வந்து பார்த்திருப்பாரா?" என்று கேட்டாள். பட்டியலைப் படிக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்று எனக்குத் தோன்றியது.